ஒரு சுருட்டுத் தூரத்தில் தண்ணீர்

ஜூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் பிற்பகல் 1.40 மணிக்கு, கியூபெக் மாகாணத்துப் பாலைவனத்தில் தாகத்தால் சாகப்போகிறேன் என்று நான் முழுமனதாக நம்பினேன். அப்போது என் கையில் முக்கால் போத்தல் மாம்பழ ஜூஸ் இருந்தது. சட்டைப் பையில் இரண்டு ரொபி மிட்டாய் இருந்தன. எங்கேயோ பக்கத்தில் யாரோ இயந்திரம் போட்டுப் புல் வெட்டும் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது. பாலைவனத்தில் கண்ணுக்குக் கானல் நீர் தெரியும் என்று படித்திருக்கிறேன். இது காதுக்கு வந்த கானல் என்று முடிவு செய்து, கண்ணை மூடிக்கொண்டு, மனைவிக்குக் கடைசி வார்த்தைகளைப் பதிவு செய்யத் தொடங்கினேன்.

கனடாவில் பாலைவனம் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். மொன்றியலிலிருந்து ஒன்றேகால் மணி நேரக் கார் ஓட்டத்தில், லாஷூட் நகரத்துக்கு அப்பால், பைன் மரக் காடுகளுக்கு நடுவே ஒரு மணல்வெளி கிடக்கிறது. மரங்களை ஒட்ட வெட்டிவிட்டதால் மணல் கிளம்பி அலைந்த காலம் ஒன்று இருந்ததாம். பிறகு திரும்ப மரம் நட்டிருக்கிறார்கள். நடாமல் விட்ட துண்டை அந்தப் பக்கத்துச் சனங்கள் ‘லெ டெஸேர்’ என்கிறார்கள். பாலைவனம் என்று அர்த்தம். குறுக்கே நடந்தால் மூன்று கிலோமீட்டர் வரும். இந்த மூன்று கிலோமீட்டர் விவரம் எனக்குத் திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்னை அங்கே கொண்டுபோனது ஒரு டொலர்ப் புத்தகம். நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் பழைய சாமான் விற்றார்கள். மழைக்கு ஒதுங்கிய நான், சும்மா நின்றால் மரியாதையில்லை என்று ஒரு டொலர் கொடுத்து ஒரு பழைய புத்தகத்தை வாங்கினேன். அட்டையும் முதல் பதினாறு பக்கங்களும் இல்லை. அதனால் எழுதியவரின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. சாலைகள் இல்லாத காலத்தில் ஆற்று வழியாக வந்து இந்த நிலத்தைச் சுற்றிப் பார்த்த ஒரு பயணி அவர். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருந்தார்கள். ஓர் இடத்தில் அவரும் கூட்டாளிகளும் நாள் முழுவதும் தண்ணீரில்லாத மணலில் நடக்கிறார்கள். இரண்டாகப் பிளந்த பெரிய கல் ஒன்றைக் காண்கிறார்கள். அங்கிருந்து மேற்கே, ஒரு புகைக்குழாயில் அடைத்த புகையிலை எரிந்து முடியும் தூரம் நடந்ததும், சிறு மரங்களுக்கடியில் குளிர்ந்த நல்ல தண்ணீர் ஊற்று.

பிளந்த கல் என்றதும் எனக்குக் கிளமென்ட் அண்ணையின் ஞாபகம் வந்தது.

கிளமென்ட் அண்ணைக்கு அறுபத்தொன்று. யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில் மணற்காடு என்ற கடற்கரை ஊரைச் சேர்ந்த கத்தோலிக்கர். இருபத்தேழு வருடமாகச் சென்ட் லோரன்ட்டில் பார வண்டி ஓட்டினார். நான் மருந்துப் பெட்டி அடுக்கும் கிடங்கின் வாசலில்தான் சாமான் ஏற்றுவார். அங்கேதான் பழக்கம். வேலையை விட்டதும் அவருக்கு ஓர் ஆசை வந்தது: மணல் காணி வாங்கிச் சின்ன வெங்காயமும் வத்தகப்பழமும் போட வேண்டும். அந்த மணல்வெளியின் ஓரத்தில், கிழக்கு மேற்காக நாடா போல நீண்ட ஐந்து ஏக்கர் பார்த்து, முற்பணமும் கொடுத்துவிட்டார். “காணிக்குள்ள ஒரு கல் நிக்குது ஐசே, கோடாலியால போட்ட மாதிரி ரெண்டாப் பிளந்து” என்று படமும் காட்டியிருந்தார்.

சிக்கல் தண்ணீர். முந்திய சொந்தக்காரர் இரண்டு முறை ஆழ்துளை போட்டும் மணலும் களிமண்ணும்தான் வந்தன. அண்ணையின் மனைவி ரெஜினா அக்கா, தண்ணீர் இல்லாத காணிக்குக் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கடன் இருவர் பெயரிலும் என்பதால் அவர் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நகராது. ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கெடு முடிகிறது. அடுத்ததாக ஒரு மணல் அள்ளும் கொம்பனி வாய் பிளந்து காத்திருக்கிறது.

புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டியபோது வியாழக்கிழமை இரவாகியிருந்தது. அண்ணை அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். அந்த நிமிடத்திலிருந்து அவருடைய ஐந்து ஏக்கரும் என் தலையில் ஏறிக்கொண்டது.

*

காலை 8.00. கார்ட்டியர்வில்லில் என் வீட்டு வாசல். வெயில் முப்பத்துமூன்று பாகை வரும் என்று வானொலி சொல்லியிருந்தது. என் மனைவி வசந்தி, அரை லீட்டர் போத்தல் இருபத்துநான்கு கொண்ட தண்ணீர்ப் பெட்டி ஒன்று, குளுக்கோஸ் பக்கெட், உப்பு, குடை, விக்ஸ் எல்லாம் தந்தாள். மொத்தம் பன்னிரண்டு லீட்டர் தண்ணீர். இந்தப் பன்னிரண்டு லீட்டரும் நான் சாகத் தயாரான நேரம்வரை கார் டிக்கியில் பத்திரமாக இருந்தது என்பதைப் பின்னால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தோண்டுவதற்கு மண்வெட்டி வேண்டும். அடுக்குமாடியில் மூன்றாம் தட்டில் இருக்கிறவனிடம் மண்வெட்டி எங்கே இருக்கும்? பல்கனியில் பனி தள்ளும் சவள் இருந்தது. ஜூலை மாத வெயிலில், தோளில் பனிச் சவளோடு படியிறங்கி வந்த என்னைப் பார்த்துக் கீழ்வீட்டு மனிதர், “போன்ஜூர்” என்று தொடங்கி அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

அண்ணையின் காரில் பின்னிருக்கையில் ரெஜினா அக்கா மடியில் சாப்பாட்டுப் பார்சல்களோடு இருந்தார். நான் எதிர்பார்க்கவில்லை.

“அக்காவும் தண்ணி தேட வாறியளோ?” என்றேன்.

“நான் தண்ணி தேட வரேல்லை. தண்ணி இல்லை எண்டு என்ர கண்ணால பாக்க வாறன்.”

“இஞ்சேரும், வாய் வைக்காதையும்” என்றார் அண்ணை.

8.25. பெட்ரோல் நாற்பது டொலருக்கு அடித்தோம், லீட்டர் ஒரு டொலர் ஐம்பத்தெட்டு. பதினைந்தாம் நெடுஞ்சாலையில் ஏறி, லவால் தாண்டி, மிராபெல் பக்கத்தில் ஐம்பதாம் நெடுஞ்சாலைக்குத் திரும்பினோம். சோளக் காட்டுக்கு மேலே ஒரு விமானம் தாழப் பறந்தது. அண்ணை வழி நெடுக வெங்காயம் நட்டுக்கொண்டே வந்தார். இந்தப் பாத்தி, அந்தப் பாத்தி, மொன்றியல் கடைகளுக்கு வெள்ளிக்கிழமை வண்டி. அக்கா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் அக்கா உங்களுக்கு இந்தக் காணியில இவ்வளவு கோவம்?” என்று கேட்டேன். மூன்று பேர் போகும் வண்டியில் ஒருவர் பேசாமலிருந்தால் வம்புக்கு இழுக்காமல் என்னால் இருக்க முடியாது.

“கோவம் ஒண்டுமில்லை தம்பி. நான் மன்னாரில பதினேழு வயசு மட்டும் இடுப்பில குடத்தோட நடந்தனான். விடிய ரெண்டு தரம், பின்னேரம் ரெண்டு தரம். இஞ்ச வந்து குழாயைத் திறந்த முதல் நாள் நான் அழுதனான். இவர் குளிருக்கு அழுறன் எண்டு போர்வை கொண்டு வந்தவர்.”

“அது எனக்கு ஆர் சொன்னது?” என்றார் அண்ணை.

“நீங்கள் ஆரைக் கேட்டனீங்கள்?”

அதற்குப் பிறகு லாஷூட் வரை அண்ணை ஒரு வெங்காயமும் நடவில்லை.

9.25. லாஷூட் கடந்து, தார் ரோட்டின் கடைசியில் ஒரு டெப்பனர், எங்கள் பெட்டிக்கடை மாதிரி. கோப்பி இரண்டு டொலர் பதினைந்து சதம். கல்லாவுக்கு முன்னால் தொப்பி போட்ட ஒரு முதியவர் அதிர்ஷ்டச் சீட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தார். பெயர் ரெஜான், பக்கத்துக் காணிக்காரர். கிடங்கில் கற்ற பிரெஞ்சில் நான் ஊற்றைப் பற்றிக் கேட்டேன். அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் சீட்டுத் தூள் பறந்தது. தன் தகப்பனும் தேடினாராம், தகப்பனின் தகப்பனும் தேடினாராம். அந்தப் பயணி ஊருக்குத் திரும்பிப் போய்ச் சொல்ல ஒரு கதை வேண்டியிருந்தது, அவ்வளவுதான் என்றார். பிறகு குளிர்பெட்டியைக் காட்டி, “அங்கே தண்ணீர் வேண்டுமென்றால் இங்கே வாங்கிக்கொண்டு போங்கள். ஒரு டொலர் எழுபத்தைந்து” என்றார்.

நான் ரோசத்தில் தண்ணீர் வாங்காமல் மாம்பழ ஜூஸ் வாங்கினேன்.

10.05. காரின் கணக்கில் எண்பத்துமூன்றாவது கிலோமீட்டர். மண் பாதை ஒரு பைன் வரிசையில் முடிந்தது. இறங்கிப் பார்த்தேன். வெள்ளை மணல் மேடு மேடாக, அலை அலையாகக் கிடந்தது. இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கட்டைப் புல். ஒரு பக்கம் சரிந்த மேட்டிலிருந்து பைன் மரத்தின் வேர்கள் கை நீட்டிக்கொண்டிருந்தன. அண்ணை செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். சூடு தாங்காமல் உடனே திரும்பி வந்து போட்டுக்கொண்டார்.

நிழலில் மடக்குக் கதிரையை விரித்து அக்காவை இருத்தினோம். “நீங்களும் வாங்கோவன், அக்கா” என்று நான் ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

“விடும் ஐசே. மணலுக்குள்ள தண்ணி பாக்கிறது ஆம்பிளையளின்ர வேலை. நான் மணற்காட்டில பிறந்தவன்” என்றார் அண்ணை.

அக்கா செபமாலையை எடுத்தார். எதற்காகச் செபித்தார் என்று நான் கேட்கவில்லை.

10.20. கல்லுக்குக் காரிலிருந்து வடகிழக்கே ஏழு நிமிட நடை. என் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு, நடுவால் பிளந்து, பிளவுக்குள் ஒரு நரிப் பொந்து. புத்தகத்தில் இருந்தபடியே. இனி மேற்கே, ஒரு குழாய்ப் புகையிலை முடியும் தூரம்.

இப்போது நான் செய்த அறிவியலைக் கவனியுங்கள். எங்களிடம் புகைக்குழாய் இல்லை. குழாயிலும் புகையிலை, சுருட்டிலும் புகையிலை. ஆகவே ஒரு குழாய்த் தூரம் என்பது ஒரு சுருட்டுத் தூரம் என்று நான் அண்ணைக்கு விளக்கினேன். ஊரில் பெரியாட்கள் ‘ஒரு சுருட்டு முடியிற தூரம்’ என்று வழி சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அண்ணையின் முகம் விடிந்தது. ஆறு வருடங்களுக்கு முன்னர் அக்காவின் கட்டளையால் புகையை விட்டவர், சட்டைக்குள்ளிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே, ஸ்காபரோ மருமகன் கொண்டுவந்த அசல் யாழ்ப்பாணத்துச் சுருட்டு, பெருவிரல் பருமன்.

“தண்ணிக்காகத்தான், தம்பி” என்றார்.

“ஓம் அண்ணை, தண்ணிக்காகத்தான்.”

10.24க்குப் பற்றவைத்தார். சாம்பல் தட்ட ஒரு தகர டப்பாவோடு நான் பக்கத்தில். ஆறு வருடத்து ஏக்கத்தை ஒரே மூச்சில் தீர்க்க மனமில்லாமல் அவர் மெல்ல இழுத்தார், மெல்ல நடந்தார். காற்றில் மூன்று தரம் அணைந்தது, மூன்று தரமும் நின்று பற்றவைத்தோம். வழியில் ஒரு சின்னப் பற்றைப் புதரைக் கடந்தோம். அவர் புகையைப் பார்த்தார், நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பற்றையை ஒருவரும் பார்க்கவில்லை. சுருட்டு முடிந்தபோது மணி 11.19. ஐம்பத்தைந்து நிமிடங்கள்.

நின்ற இடத்தில் மணலைத் தவிர ஒன்றுமில்லை. தோண்டினோம். பனிச் சவள் மணலுக்கு மோசமில்லை, ஆனால் நாலாவது வீச்சில் பிளாஸ்டிக் வாய் வெடித்துவிட்டது. அண்ணையின் மண்வெட்டியால் மூன்று இடத்தில் இடுப்பளவு தோண்டினோம். மேலே சுடுமணல், கீழே குளிர்மணல், அதற்குக் கீழே இன்னும் கொஞ்சம் மணல்.

12.45. அண்ணை மூன்றாவது குழியின் விளிம்பில் இருந்தார். வியர்வை நாடியிலிருந்து சொட்டியது. “ரெஜான் சொன்னது சரி போல” என்றார். பிறகு, “அவள் சொன்னதும் சரிதான். நான் மணலைக் கண்டதும் விசர் பிடிச்சுப் போனன். நாளைக்கு ஏஜென்டுக்கு அடிச்சு வேண்டாம் எண்டு சொல்லுறன்” என்றார்.

இருபத்தேழு வருடம் பனியிலும் ஐஸிலும் வண்டி ஓட்டிய மனிதர் குழிக்குள் பார்த்துக்கொண்டு இருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. எல்லாம் என் ஒரு டொலர்ப் புத்தகத்தால் வந்தது. “இருங்கோ அண்ணை, போய்ச் சாப்பாடும் தண்ணியும் எடுத்துக்கொண்டு வாறன். பேந்து யோசிப்பம்” என்று கிளம்பினேன்.

வந்த வழியே திரும்பிப் போவதுதானே, அதில் என்ன பெரிய வித்தை? எங்கள் காலடிகளைப் பின்பற்றி நடந்தேன். ஒரு மேட்டைச் சுற்றியதும் காலடிகள் குறைந்து ஓர் ஆளுடையது மட்டும் தெரிந்தது. தொடர்ந்து போனேன். கொஞ்ச நேரத்தில் அது இரண்டு ஆளுடையதாயிற்று. மகிழ்ச்சியோடு வேகமாக நடந்தேன். மூன்றாயிற்று. மூவரும் என்னைப் போலவே வலது குதி தேய்ந்த சப்பாத்து போட்டிருந்தார்கள். எனக்கு முன்னர் மூன்று பேர் இங்கே தொலைந்து போயிருக்கிறார்கள், பாவங்கள், என்று நினைத்தேன். ஒரே மேட்டை மூன்று தரம் சுற்றியிருக்கிறேன் என்பது அப்போது மூளைக்கு எட்டவில்லை.

1.25க்கு ஓடத் தொடங்கினேன். 1.30க்கு ஓடக்கூடாது என்று எங்கேயோ படித்தது ஞாபகம் வந்து நின்றேன். 1.33க்கு அண்ணையைக் கூப்பிட்டுக் கத்தினேன். என் குரல் ஆடு கத்துவது போல எனக்கே கேட்டது. கொஞ்சம் பசுமை தெரிந்த இடத்தைப் பார்த்துத் தவழ்ந்தேன். நடக்க முடிந்தது; ஆனாலும் பாலைவனத்தில் தவழ்வதுதான் முறை என்று பட்டது. ஒரு பற்றையின் நிழலில் விழுந்தேன்.

1.40க்குப் பதிவு செய்த கடைசி வார்த்தைகள் இன்றும் வசந்தியின் போனில் இருக்கின்றன. பிறந்தநாள், பூப்புனித நீராட்டு என்று நாலு பேர் கூடுமிடமெல்லாம் போட்டுக் காட்டுகிறாள். அதில் நான் அன்பைப் பற்றிச் சொல்லவில்லை. பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவில்லை. “வசந்தி, வேலையிடத்துப் பிரிஜ்ஜுக்குள்ள வெள்ளிக்கிழமை மீன்குழம்பு இருக்கு. ஆரையும் எடுத்து எறியச் சொல்லு. மணக்கும்” என்று விம்மியிருக்கிறேன்.

உடனே போன் அடித்தது. ரெஜினா அக்கா.

“தம்பி, சாப்பாடு ஆறுது. எங்க நிக்கிறியள்?”

“அக்கா, நான் தொலைஞ்சு போனன். எல்லாப் பக்கமும் மணல். வசந்தியைப் பாத்துக்கொள்ளுங்கோ.”

“வெள்ளைத் தொப்பியோ போட்டிருக்கிறீர்?”

“ஓம்.”

“எழும்பும்.”

எழும்பினேன்.

“கையை ஆட்டும்.”

ஆட்டினேன்.

“எனக்கு உம்மைத் தெரியுது. நில்லும், வாறன்.”

சின்ன மேடு ஒன்றுக்கு அந்தப் பக்கம், மடக்குக் கதிரையில் ஒரு பெண் போனைக் காதில் வைத்தபடி எழும்புவது எனக்கும் தெரிந்தது. பின்னர் ஒரு நாள் அளந்து பார்த்தேன். நான் செத்த இடத்திலிருந்து காருக்கு முந்நூற்றுப் பத்து மீட்டர். புல் வெட்டியது ரெஜான்.

1.52. அக்கா பார்சல்களோடும் ஒரு போத்தல் தண்ணீரோடும் வந்து சேர்ந்தார். நான் குடித்துக்கொண்டே கழுத்திலும் கையிலும் அடித்துக்கொண்டிருந்தேன்.

“ஏன் தம்பி அடிக்கிறீர்?”

“நுளம்பு, அக்கா. சாகப்போறவனையும் விடுதில்லை.”

அக்கா சிரிக்கவில்லை. என் கையைப் பார்த்தார். பற்றையைப் பார்த்தார். “அங்க கதிரையில எனக்கு ஒண்டும் கடிக்கேல்லை” என்றார் மெதுவாக. “நுளம்பு முட்டை இடுறதுக்குத் தண்ணி வேணும்.”

அவர் குனிந்து பற்றைக்குள் கையை விட்டு, காய்ந்த இலைகளை விலக்கி, மணலை அமர்த்திப் பிடித்தார். பிறகு கையை எடுத்து, விலக்கிய இலைகளைத் திரும்ப மேலே தள்ளி மூடிவிட்டார். அவருடைய உள்ளங்கை கறுத்து ஈரமாக இருந்தது. பாவாடையில் துடைத்தார்.

“தம்பி, நான் ஒண்டும் சொல்லாமல் உம்மைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால், இஞ்ச தண்ணி இருக்கு எண்டு உமக்கு விளங்கியிருக்குமோ?”

“விளங்கியிராது, அக்கா.”

“அவருக்கு?”

“அவருக்கும் விளங்கியிராது.”

“எங்க மனுசன்?”

அண்ணை குழி விளிம்பில் இருந்த விதத்தைச் சொன்னேன். நாளைக்கு வேண்டாம் என்று சொல்லப்போவதையும் சொன்னேன். நான் பகிடிக்காரன், எதையும் சிரிப்பாக்கித்தான் சொல்வேன். இதை ஏனோ சிரிப்பாக்க வரவில்லை.

அக்கா புட்டுப் பெட்டியின் மூடியைக் கழற்றினார். முழங்காலில் இருந்து, பற்றையின் பள்ளப் பக்கமாகத் தோண்டத் தொடங்கினார். நாங்கள் தோண்டியது போலக் கண்டபடி இல்லை. வாய் அகலமாக, சட்டி போலச் சரிவாக, மணல் திரும்ப உள்ளே விழாதபடி. முழங்கை ஆழத்தில் மணல் கறுத்தது. இன்னும் ஒரு சாண் போனதும் குழியின் அடியில் ஏதோ மினுங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு நாணயமளவானது, ஒரு சாசரளவானது.

நான் இரண்டு கையாலும் அள்ளப் போனேன். அக்கா என் கையில் ஓர் அடி போட்டார்.

“விசரே உமக்கு? ஊத்துத் தண்ணியை முதல் இறைச்சுக் கொட்ட வேணும். மூண்டு தரம்.”

மூடியால் கலங்கலை அள்ளி வெளியே ஊற்றினார். காத்திருந்தோம். ஊறியது. திரும்ப அள்ளி ஊற்றினார். காத்திருந்தோம். மூன்றாம் தரம் ஊறிய தண்ணீரில் அவருடைய முகம் தெரிந்தது. ஒரு மிடறு வாயில் வைத்து, உடனே விழுங்காமல், கன்னத்துக்குள் உருட்டினார். எங்கள் ஆட்கள் தண்ணீரைச் சோதிக்கும் விதம் அது. உவரா நல்ல தண்ணியா என்று நாக்கின் ஓரம்தான் சொல்லும்.

“நல்ல தண்ணி” என்றார். குரல் கோபமாக இருந்தது.

நான் போன் அடித்துக் கூப்பிட, 2.30க்கு அண்ணை தோளில் மண்வெட்டியோடு வந்தார். குழியைப் பார்த்தார். மனைவியின் கையில் முழங்கை வரை அப்பியிருந்த மணலைப் பார்த்தார். மண்வெட்டியை இறக்கி வைத்தார்.

“நீர் எப்பிடி...”

“உங்கட வீட்டில ஊத்துத் தோண்டினது ஆர்?” என்றார் அக்கா.

அண்ணை யோசித்தார். “அம்மாவும் அக்காவும்.”

“நீங்கள்?”

“நான் குடிச்சனான்.”

“அதுதான். மணற்காட்டில பிறந்தவராம்.” பிறகு மூக்கைச் சுருக்கினார். “இஞ்சரப்பா, உங்களில என்ன மணக்குது?”

அண்ணை என்னைப் பார்த்தார். அது தூரம் அளக்கும் கருவி என்று நான் விளக்கத் தொடங்கினேன். அக்கா கையை உயர்த்தி நிறுத்தினார். சுருட்டு வழக்கைப் பிறகு தனியாக விசாரித்தார் என்று கேள்வி. தீர்ப்பு எனக்குத் தெரியாது.

புட்டும் மீன் பொரியலும் கத்தரிக்காயும், ஊற்றுத் தண்ணீரோடு சாப்பிட்டோம். நுளம்பு கடித்தது. ஒருவரும் அடிக்கவில்லை, தண்ணீர் காட்டித் தந்தவர்களை எப்படி அடிப்பது? டிக்கியில் இருந்த போத்தல்களில் இரண்டைக் கொட்டிக் கழுவி, ஊற்றுத் தண்ணீர் நிரப்பிக்கொண்டோம். திரும்பும் வழியில் டெப்பனரில் நிறுத்தினோம். ரெஜான் புல்லை வெட்டி முடித்து, அடுத்த சீட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒரு கிளாஸில் ஊற்றிக் கொடுத்தேன். குடித்தார். தொப்பியைக் கழற்றினார். “என் தகப்பன் கல்லுக்குக் கிழக்கேதான் தேடினார்” என்றார். பிறகு எங்கள் கோப்பிக்குக் கடைக்காரரைக் காசு வாங்கவிடவில்லை. “மெர்சி” என்று நான் சொல்ல, அவரும் “மெர்சி” என்றார்.

*

மாலை 5.50. லவால் பாலத்தில் வாகன நெரிசல். இடப்பக்கம் ஆறு வெயிலில் தகதகத்தது. சுற்றிலும் ஆறு ஓடும் தீவில் முப்பது வருடம் வாழ்கிறேன். ஒரு நாளாவது அந்தத் தண்ணீரை நின்று பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து சமையலறைக் குழாயைத் திறந்தேன். வந்தது. மூடினேன். திரும்பத் திறந்தேன். “மீன்குழம்புக்கு ஆள் சொல்லிப்போட்டன்” என்றாள் வசந்தி பின்னாலிருந்து.

இரண்டு வாரம் கழித்துப் பழைய துறைமுகப் பக்கம் போனபோது ஓர் அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பெட்டியில் மண்ணால் செய்த பழங்காலப் புகைக்குழாய் ஒன்றைக் கண்டேன். புகையிலை வைக்கும் கிண்ணம் என் சுண்டுவிரல் நுனிகூட நுழையாத அளவு. புகையிலை பொன் விலை விற்ற காலமாம். பத்து நிமிடத்துக்கு மேல் எரியாது. பிளந்த கல்லிலிருந்து அந்த ஊற்றுப் பற்றைக்கு நடை பத்து நிமிடம். பெயர் தெரியாத அந்த மனிதரிடம் கண்ணாடிக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் பெரிய சுருட்டோடு போயிருந்தோம்.

தண்ணீர் கண்ட மறுநாளே, ஞாயிறு பிற்பகல் 4.35க்கு, சென்ட் லோரன்ட்டில் தங்கள் சமையலறை மேசையில் வைத்து, ரெஜினா அக்கா கையெழுத்துப் போட்டார். பேனாவை வாங்குவதற்கு முன்னர் ஒன்று மட்டும் சொன்னார்: “குடம் நான் தூக்கமாட்டன்.” தண்ணீர் நல்லது என்று பரிசோதனைத் தாளும் பிறகு வந்தது. மின்சாரக் கம்பி இன்னும் அந்தப் பாதைக்கு வரவில்லை, அதனால் பம்ப் பூட்ட முடியவில்லை. உள்ளே குடியிருக்கக்கூடிய பழைய கரவன் வண்டி ஒன்றைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். வாசலில் மடக்குக் கதிரை, அதில் அக்கா. ஊற்றிலிருந்து வாசலுக்கு இருநூற்றுத் தொண்ணூறு மீட்டர். இந்தக் கோடையில் போய் நின்று எண்ணினேன்: கிளமென்ட் அண்ணை ஒரு நாளைக்குப் பதினான்கு வாளி தூக்குகிறார்.